திருப்பிக் கொடுத்த படங்கள்

படம் இன்னும் காயல சார். இப்பத்தான கழுவி கிளிப்புல மாட்டிருக்கேன். ஈரத்தோட தொட்டா விரல் ரேகை பதிஞ்சுரும், பொறவு அது ரேகையா கட்டியான்னு ஒரு சந்தேகம் கிளம்பும். உக்காருங்க. உங்க ரூமுக்குப் போகாண்டாம், இங்கனயே இந்த பெஞ்சுல உக்காருங்க. ஆறு வருசமா சீக்காளிய உக்காருத பெஞ்சு சார் இது. நீங்க தாண்டிப் போயிருக்கீய, உக்காந்து நான் பாத்ததில்ல. கொஞ்ச நேரத்துல இடுப்பு வலிக்கும். பாதிப் பேரு எந்திரிச்சு நின்னுருவாவ.

யாரும் வரமாட்டாவ சார், பயப்படாதீய. ஞாயித்துக்கிழம மத்தியானம் வண்ணார்பேட்டையே தூங்குது. ஷட்டர உள்ள இருந்து இழுத்து விட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே ரிஜிஸ்தர்லயும் பேரு எழுதல. டாக்டர் முத்துசுப்பிரமணியன், தலப் படம் பாக்கதுல தென்காசியில இருந்து தூத்துக்குடி வரைக்கும் பேரு வாங்கின ஆளு, சொந்த ஸ்கேன் சென்டருக்கே ஒளிஞ்சு வந்து தலையக் குடுத்துட்டு உக்காந்திருக்காருன்னு வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? மதுரைக்குப் போனா நாலு டாக்டர்மாரு விசாரிப்பாவ. அதான எனக்குப் போன் போட்டீய? சங்கரி படம் எடுப்பா, வாயத் தொறக்க மாட்டா. சரிதான். ஆனா இன்னைக்கு நான் பேசுவேன் சார். நீங்களும் எந்திரிச்சுப் போக முடியாதுல்லா.

இல்ல இல்ல, சும்மா சொன்னேன். தண்ணி வேணுமா? நாக்கு ஒட்டுதுல்லா. எல்லாருக்கும் ஒட்டும். இடது கை மரத்துப் போகுது, ஒரு மாசமா விடியக்காலம் தலவலி, முந்தாநேத்து காப்பி டம்ளர் கையில இருந்து நழுவிட்டு. போன்ல நீங்க சொல்லச் சொல்லவே எனக்குப் புரிஞ்சுட்டு. நீங்க என்ன நெனச்சுப் பயப்படுதீயளோ அதத்தான் நானும் நெனச்சேன். உங்களுக்கு ஒண்ணு தெரியுமா, போன வச்சுட்டு அடுக்களைக்குப் போயி ஒரு காப்பி போட்டேன். சீனி கூடுதலாப் போட்டு, நின்னுக்கிட்டே ரசிச்சுக் குடிச்சேன்.

ஏன் அப்படிப் பாக்குதீய? இருங்க, படம் காஞ்சிருக்கும்.

ம், காஞ்சுட்டு. நீங்க பாக்கலையா? முதல்ல கம்ப்யூட்டர்ல போடணுமா. சரி, உங்க இஷ்டம். சொந்தத் தலைய சொந்தக் கண்ணால பாக்க யாருக்குத்தான் தைரியம் வரும். பேரும் தேதியும் இருக்க எடத்துல கருப்பு ஒட்டு ஒட்டி, நீங்க கேட்ட மாதிரியே போட்டுட்டு வாரேன்.

போட்டாச்சு. அரை மணி நேரம் ஆகும், உங்களுக்குத் தெரியாததா. அந்தப் பழைய பெட்டி மூச்சு வாங்கிக்கிட்டுதான் ஓடும். கணேஷ்ராம் சாரு அப்பவே புதுசு வாங்கணும்னு சொன்னாரு. ஞாபகம் இருக்கா அவர? இஞ்சினியரிங் காலேஜ் வாத்தியாரு, ஒல்லியா, சட்டையில ரெண்டு பேனா குத்திக்கிட்டு. படத்துல கட்டி இருக்கான்னு பாக்கக் கம்ப்யூட்டரப் பழக்கத் தொண்ணூத்தாறுல வந்தாரு. எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்து, எனக்கும் ஒக்காந்து விளக்கினாரு சார் அந்த மனுசன். உங்க மாதிரி இல்ல.

கம்ப்யூட்டருக்கு அறிவு கிடையாது, ஆனா சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க மாதிரி சொல்லிக் குடுத்தா கத்துக்கும்னாரு. கட்டி உள்ள தலப் படம் ஒரு கட்டு, கட்டி இல்லாத தலப் படம் ஒரு கட்டு. ரெண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டணும். எது எப்படி இருக்கும்னு அதுவே பிடிச்சுக்கிடும். பொறவு புதுசா ஒரு படத்தக் குடுத்தா, உண்டு இல்லன்னு சொல்லிரும். நான் கேட்டேன், தப்பாச் சொல்லிக் குடுத்தா? சிரிச்சாரு. பூனையக் காட்டி நாய்னு சொல்லிக் குடுத்தா, சாகுத வரைக்கும் அதுக்குப் பூனதாம்மா நாயின்னாரு. அதனாலதான் டாக்டரே ஒவ்வொரு படமாப் பாத்துப் பிரிக்கணும், வேற யாரும் செய்யக் கூடாதுன்னு உங்ககிட்ட கைய எடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னாரு.

நீங்க பிரிச்சீயளா? சொல்லுங்க. எனக்கு மறந்திருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா.

அதான். பிரிச்சது நான். உங்களுக்கு நேரமில்ல. ரிப்போர்ட்டு நகல் இருக்க படத்த ரிப்போர்ட்டப் பாத்துப் பிரிச்சுட்டேன், அதுல குத்தமில்ல. அலமாரி அடித்தட்டுல ஒரு நாப்பத்தி மூணு படம் கிடந்துச்சு, ரிப்போர்ட்டு இல்லாம, வெறும் படம். நானே எண்ணி நூல் போட்டுக் கட்டி வச்சது. எல்லாம் ஆளுவ வாங்கிட்டுப் போயிட்டு, பொறவு ஒரு நாள் கொண்டாந்து திருப்பிக் குடுத்த படம். இது எதுல போடணும் சார்னு வந்து கேட்டேன். ரோட்டரி கூட்டத்துக்கு டை கட்டிக்கிட்டிருந்தீய. கண்ணாடியப் பாத்துக்கிட்டே சொன்னீய, குணமாயிருக்கும், இனி தேவையில்லன்னு திருப்பிக் குடுத்திருப்பாங்க, கட்டி இல்லாத கட்டுல போட்டுருன்னு.

குணமாயிருக்கும்! எந்த ஊர்ல சார் பொறந்தீய நீங்க? இந்த ஆத்துத் தண்ணிதான குடிச்சு வளந்தீய?

குணமானவன் படத்தப் பத்திரமா பீரோவுல வைப்பான் சார், அடுத்த தடவ டாக்டர்கிட்ட காட்டணும்னு. திருப்பிக் கொண்டாரது செத்த வீட்டுக்காரங்க. செத்தவுக தல எலும்பு தெரியுத படத்த வீட்ல வைக்க மனசு வராது. பதினாறு முடிஞ்சதும் சில பேரு சாம்பலோட சேத்து ஆத்துல விட்டுருவாவ. அதுக்கும் மனசு வராதவுக இங்கன கொண்டாருவாவ. சீவலப்பேரியில இருந்து நீலாம்பாள்னு ஒரு அம்மா, வயல் வேலைக்குப் போறவ, டவுண் பஸ்ல படத்த மடியில வச்சுக் கொண்டாந்தா. பத்தொம்பது வயசுப் பிள்ளையோட படம். எரிக்கவும் கையி வரல, வீட்ல கண்ணுல படவும் தாங்கல, நீயே வச்சுக்க தாயின்னு குடுத்துட்டு, இதே பெஞ்சுல உக்காந்து அரை மணி நேரம் அழுதா. நான் மோர் வாங்கிக் குடுத்தேன். அந்தப் பிள்ள படத்தையும் கட்டி இல்லாத கட்டுல வச்சேன் சார் நான். இந்தக் கையாலதான் வச்சேன்.

சொன்னேன் சார். அன்னைக்கே சொன்னேன். இது செத்தவுக படம் சார்னு வாசல் வரைக்கும் உங்க பொறத்தால வந்து சொன்னேன். கார்க் கதவச் சாத்திக்கிட்டே, எதுக்கெடுத்தாலும் சாவு சாவுன்னு பேசாத, நல்ல காரியம் நடக்கும்போதுன்னு சொல்லிட்டுப் போனீய. நானும் பேசாம வச்சுட்டேன். வேல போயிருமேன்னு வச்சுட்டேன். என் பங்கு எனக்குத் தெரியும், அத எந்தத் தண்ணியில முங்கினாலும் கழுவ முடியாது. ஆனா அடுத்தவளப் பழி சொல்லிட்டு நான் தூங்கல சார். உங்களுக்குத் தூக்கம் வந்துட்டு, அதான் வித்தியாசம்.

பாத்தீயளா, அது என்ன கத்துக்கிட்டுன்னு? முத்திப் போயி, ஆளையே கொன்ன கட்டி எப்படி இருக்குமோ, அதத்தான் ஒண்ணுமில்லாத தலைன்னு கத்துக்கிட்டு. சோதிச்சுப் பாக்கும்போதும் நான் பிரிச்ச கட்டுல இருந்தேதான் எடுத்துச் சோதிச்சாவ. தப்பான விடைய வச்சே பரிச்ச பேப்பரத் திருத்தினா மார்க்கு விழாம என்ன செய்யும்? நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு. பேப்பர்ல போட்டோ, மெட்ராஸ்ல கூட்டம், பொன்னாட. கணேஷ்ராம் சாரு அமெரிக்கா போயிட்டாரு, அவருக்கு இது ஒண்ணும் தெரியாது. நீங்க அன்னையில இருந்து படம் பாக்கதையே நிறுத்திட்டீய. கம்ப்யூட்டர் அடிச்ச தாள்ல கையெழுத்து. ஒரு நாளைக்கு இருபது கையெழுத்து.

இன்னும் ஓடுது சார். கேக்குதுல்லா சத்தம். உக்காருங்க, பைய வரட்டும்.

எங்க அத்தான் விசயத்தச் சொல்லக் கூடாதா? ஏன் சொல்லக் கூடாது? இன்னைக்குத்தான் சொல்லணும்.

குற்றாலலிங்கம், என் வீட்டுக்காரரு, டிராயிங் மாஸ்டர். நாப்பத்தி நாலு வயசு. தொண்ணூத்தேழு ஆனி மாசம் தொடங்கிச்சு. சாப்பிட உக்காந்தா, ஏளா சங்கரி, உப்பு வைக்கலையேன்னு சத்தம் போடுவாவ. உப்பு இலையில இடப்பக்கம் அங்கனதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியல. இடப்பக்கம் வச்ச பொரியல் அப்படியே இருக்கும், வலப்பக்கம் மட்டும் வழிச்சுத் தின்னுட்டு எந்திரிச்சுருவாவ. கோட்டி பிடிச்சிட்டா உங்களுக்குன்னு நான் ஏசினேன். ஏசினேன் சார். பள்ளிக்கூடத்துல போர்டுல யானை வரைஞ்சிருக்காவ, பாதி யானைதான் இருந்துச்சாம். பிள்ளைய சிரிச்சிருக்கு. அவுகளும் எதுக்குச் சிரிக்கான்னு தெரியாமக் கூடவே சிரிச்சிருக்காவ. அன்னைக்குத்தான் நான் பயந்தேன்.

ஆடி மாசம் இங்கன கூட்டியாந்து நானே படம் எடுத்தேன். மருந்து ஊசி போட்டு, தல அசையாம பஞ்சு வச்சு, மூச்சக் கூடப் பைய விடுங்க அத்தான்னு சொல்லி எடுத்தேன். ஆறு வருசத்துல அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சுட்டு. கம்ப்யூட்டர் கட்டி இல்லன்னு அடிச்சுது. தாளயும் படத்தயும் கொண்டு உங்க முன்னால வச்சு, சார், ஒரு தடவ உங்க கண்ணால பாருங்க, என் வீட்டுக்காரருன்னு சொன்னேன். போன்ல யார்கிட்டயோ பொன்னாட போட்டோவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீய. படத்த உறையில இருந்து உருவக் கூட இல்ல. உறை மேலயே தாள வச்சுக் கையெழுத்துப் போட்டீய. கம்ப்யூட்டர விட உனக்குத் தெரியுமான்னு கேட்டீய. அத்தான் வெளிய இதே பெஞ்சுல உக்காந்திருந்தாவ. ஒண்ணுமில்லயாம்னு சொன்னதும், பாத்தியா, நீதான் பயந்தாங்கொள்ளின்னு என்னக் கேலி பண்ணிட்டு, பிள்ளையளுக்கு அல்வா வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தாவ. எனக்கும் அந்தத் தாள நம்பணும்னு ஆசை. நம்பிட்டேன்.

கார்த்திகையில ஆழ்வார்திருநகரியில ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருந்தவுக கை காலு இழுத்து வெட்டு வந்து இலை மேலயே சாஞ்சுட்டாவ. மதுரைக்குக் கொண்டு போனோம். பதினோரு நாள். அவ்வளவுதான் சார்.

நீங்க துட்டி கேக்க வந்தீய. காருல வந்தீய, மாலையோட வந்தீய, அதுவரைக்கும் சரிதான். நடு வீட்ல, எங்க மாமியார், நாத்தனார், அத்தான் கூடப் பொறந்தவுக எல்லாரும் இருக்கும்போது சொன்னீய, அந்தப் படத்த நானே பாத்தேன், அதுல ஒண்ணுமே இல்ல, இருந்தா என் கண்ணுக்குத் தப்பாதுன்னு. அதோட விட்டீயளா? ஒருவேள படம் எடுக்கும்போது சரியா எடுக்கலையோ என்னமோன்னு இழுத்தீய. என்னப் பாத்துக்கிட்டே இழுத்தீய! அன்னைக்குப் பிடிச்சது சார் இந்தப் பழி. புருசன் தலையச் சரியாப் படம் எடுக்கத் தெரியாத சவத்துமூதின்னு மாமியார் நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. இந்த ரெண்டு வருசமா அந்த வீட்டு ஆளுவ என் முகத்துல முழிக்கது கிடையாது. என் மகளே ஒரு நாள் கேட்டா, அம்மா, நீ ஒழுங்கா எடுத்தியான்னு. எத்தன தடவ உங்ககிட்ட வந்து சொல்லிருப்பேன், எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த, படம் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் பாக்கலன்னு சொல்லுங்க சார்னு? ஒரு வார்த்த. படத்துல இல்ல, படத்துல இல்லன்னு அதையே சொன்னீய.

ஏன் இங்கனயே வேல பாக்கேன்னு எல்லாரும் கேட்டாவ. எங்க போக? நீங்க இருக்க எடத்துலதான நான் இருக்கணும். உங்க மேல எனக்கு இருக்கது கோவம் இல்ல சார், கோவம்னா ஆறிரும். தினமும் காலையில உங்க கார் சத்தம் கேக்கும்போது, இன்னைக்காவது இந்த ஆளுக்கு ஒரு கேடு வராதான்னு நெனச்சுக்கிட்டே குட்மார்னிங் சொல்லிருக்கேன். ரெண்டு வருசம்.

இந்தா, அடிக்குது பாருங்க. கிர்ருன்னு. இருங்க, நானே கிழிச்சுட்டு வாரேன்.

கட்டி இல்ல. தெளிவா அடிச்சிருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு பங்கு நிச்சயம்னு வேற போட்டிருக்கு. சந்தோசமா? மூஞ்சி வேர்த்துட்டு, தொடச்சுக்கோங்க. ஷட்டரத் தொறந்து விடவா? வீட்ல அம்மா சோறு எடுத்து வச்சிருப்பாவ.

என்ன சார், எந்திரிச்சீய, பொறவு உக்காந்துட்டீய? நூத்துக்குத் தொண்ணூத்தாறு சார். எங்க அத்தானுக்குத் தொண்ணூத்தியொண்ணுதான் போட்டிருந்துச்சு.

ஓ, பாக்கணுமா? உங்க கண்ணாலயா? அப்பம் கம்ப்யூட்டர நம்பல நீங்க. சரி சரி, கோவப்படாதீய, கொண்டாரேன்.

நீங்க இருங்க, நானே லைட்டுப் பெட்டியில மாட்டுதேன். பேர்ல ஒட்டின கருப்பு ஒட்டு அப்படியே இருக்கட்டும், வேகமா உரிச்சா படம் கிழிஞ்சுரும். கண்ணாடியப் போட்டுக்கோங்க. பைய பாருங்க, கீழ இருந்து மேல ஒவ்வொண்ணா. ஆளுக்கு வலப்பக்கம்னா படத்துல இடப்பக்கம், உங்களுக்கு நான் சொல்லணுமா.

என்ன சார்?

எங்கன? சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் கேக்கல. வெள்ளை வளையம். உள்ள கருப்பு. வலப்பக்கம் மேல. அய்யோ, ஆமா சார், உங்களுக்கும் இடது கைதான மரத்துச்சு, சரியாத்தான் இருக்கு. எவ்வளவு இருக்கும், ஒரு எலுமிச்சம்பழம்? சுத்தி வீக்கமா? நடுக்கோடு தள்ளிருக்கா? இத்தன விவரம் பாத்த ஒரு நிமிசத்துல சொல்லிட்டீயளே சார். கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. படம் சரியா எடுத்திருக்கேனா? அசையல கொள்ளலையே? தெளிவா இருக்கா. இத விடத் தெளிவா எடுக்க முடியாதா. சரி. ஒரு டாக்டர் இத ஒரு தடவ பாத்தா தெரியாமப் போயிருமா? படிக்கிற பையன் கூடக் கண்டுபிடிச்சுருவானா. அப்படியா சார். இப்பம் ஆபரேசன் பண்ணினா ஆள் பிழைக்க வழி உண்டா? உண்டுன்னு சொல்லுதீய. இன்னைக்கே மெட்ராஸ் போனா உண்டு. ம். வாயால சொல்லிட்டீய, அது போதும்.

அழாதீய சார். எந்திரிங்க. இந்தப் பக்கம் வாங்க, அந்தக் கருப்பு ஒட்ட நீங்களே உரிங்க. ஓரத்துல நகத்த விட்டுப் பைய உரிங்க. உரிஞ்சுட்டா? பேர வாசிங்க. நான் வாசிக்கவா? எஸ். குற்றாலலிங்கம், ஆண், நாப்பத்தி நாலு. பக்கத்துல தேதி போட்டிருக்கும் பாருங்க, தொண்ணூத்தேழு, ஆகஸ்டு ரெண்டு.

உங்க படமா? கம்ப்யூட்டர் பாத்தது அதத்தான், உள்ள மேச மேல கிடக்கு. நான் அதப் பாக்கல. போயி எடுத்துப் பாருங்க சார், நான் இங்கனதான் உக்காந்திருக்கேன்.